இடப்பக்கம் சாய்ந்த கீறல்

பிப்ரவரி 3, செவ்வாய்

வெயில். மழை நின்று மூன்று வாரம். ரோடு போடுகிறவர்கள் கடைக்கு எதிரே ஜல்லி கொட்டியதிலிருந்து புழுதி உள்ளேயே குடியேறிவிட்டது. ஷோகேஸ் துடைத்தது காலையில் இரண்டு தடவை, மத்தியானம் ஒரு தடவை.

செய்ய வேண்டியது: போன் திரைமேல் ஒட்டும் டெம்பர் கண்ணாடி கேட்டு போர்ட் பிளேருக்கு மறுபடி போன் செய்ய. சண்முகம் அண்ணனின் திருநீற்று டப்பாவைத் திருப்பிக் கொடுக்க. மிளகாய் காயப்போட.

பதினோரு மணிக்கு சேகர் வந்தான். கப்பல் வரும் ஜெட்டியில் கயிறு கட்டுகிற மஸ்தூர், கூலியாள். பேசினால் கப்பலுக்கே கேட்கும். பத்து நாள் முன்னால் அவன் மனைவி மல்லிகா என்னிடம் வாங்கிய போனைக் கவுன்டரில் வைத்தான். வைத்தான் என்பது மரியாதைக்கு எழுதுகிறேன்.

"அக்கா, இது புது பீஸா, எவனோ யூஸ் பண்ணின பழைய பீஸா? கண்ணாடி ஏக் நம்பர், கீறவே கீறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கடையில் மூன்று பேர். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். திரையின் மேல்பாதியில் மயிரிழைக் கோடுகள், நிறைய. வெளிச்சத்தில் சாய்த்தால் பளிச்சென்று தெரிகிறது.

வாயில் வந்ததைச் சொன்னேன். "கண்ணாடி தானா கீறாது சேகர். பாத்திரம் தேய்க்கிற பவுடர் கையோட தொட்டிருப்பாங்க வீட்டில."

உடனே தணிந்துவிட்டான். "அதானே! அவ கை சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியும். ஜோதி அக்காவே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன?" போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அப்பாடா. கடைப் பெயர் தப்பித்தது.

பின்மேசையில் ரிப்பேர் பார்க்கும் பெங்காலி அண்ணன் பிஸ்வாஸ் தா தலையைத் தூக்காமலே, "தீதி, ஆப் தோ வக்கீல் நிக்லே" என்றார். நான் வக்கீலாம். சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 4, புதன்

வெயில். காற்று கொஞ்சம்.

கடை திறந்ததும் மல்லிகா. தனியாக. இந்தப் பெண் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிளவுஸ் தைக்கிறாள். திக்லிபூர், ரங்கத் வரைக்கும் ஆர்டர். டிசைன் படம் போனில் வரும், தைத்தது பஸ்ஸில் போகும். போனும் அவள் தையல் காசில் வாங்கியதுதான்.

"அக்கா, எங்க வீட்டில பாத்திரம் பவுடரே கிடையாது. சோப்புக் கட்டிதான். நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

பிறகு அவளே சொன்னாள். பொருளை வைத்துக்கொள்ளத் தெரியாதவளுக்குப் போன் எதற்கு என்று சேகர் தன்னிடமே வைத்துக்கொண்டானாம். இவளுக்குப் பழைய பட்டன் போன். டிசைன் படம் எல்லாம் இப்போது ஜெட்டியில் அவன் பைக்குள் வந்து விழுகிறது. ராத்திரி அவனாக எடுத்துக் காட்டினால் உண்டு.

"நான் அந்தப் போனை என்ன பண்ணினேன்னு எனக்கே தெரியல அக்கா. தெரிஞ்சா ஒத்துக்கிட்டுப் போயிடுவேன்."

போன பிறகும் இந்த வாக்கியம் போகவில்லை.

யோசித்துப் பார்த்தேன். அவள் மாடலுக்கு மட்டும் டெம்பர் ஸ்டாக் இல்லை. அன்றைக்கு நான்தான், "இந்தக் கண்ணாடிக்கு மேல ஒரு கண்ணாடி ஒட்டுறது சட்டைக்கு மேல சட்டை, வேண்டாம் மல்லிகா" என்று அளந்தேன். பெட்டியைப் பிரித்து, வழக்கம்போல் திருநீறு வைத்துத் துடைத்து, கையில் கொடுத்தேன். மெழுகுப் பொம்மையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினாள்.

அப்படிப்பட்டவள் பத்து நாளில் இத்தனை கீறல் போடுவாளா?

கீறல் எதனால்தான் விழுகிறது? பதினாறு வருடம் போன் விற்கிறேன். தெரியாது. வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 5, வியாழன்

இன்று வியாபாரம் மந்தம். நல்லதாகப் போயிற்று.

பிஸ்வாஸ் தாவின் பெட்டியிலிருந்து செத்த டிஸ்ப்ளே ஆறு வாங்கினேன். லைட் எரியாது, கண்ணாடி முழுசு. கையில் கிடைத்ததை எல்லாம் தேய்த்துப் பார்த்தேன்:

ஐந்து ரூபாய் நாணயம். கோடு விழுந்தது, பயந்தேன், விரலால் துடைத்தால் போயே போய்விட்டது. தேய்ந்தது நாணயம்தான்.

கடைச் சாவி. ஒன்றும் இல்லை. சாவியோடு போனைப் போடாதீர்கள் என்று எத்தனை பேருக்கு உபதேசம் செய்திருப்பேன்!

வெங்காயம் நறுக்கும் கத்தி. இல்லை. நம்பவே முடியவில்லை.

தாலிச் சங்கிலி (அக்கம்பக்கம் பார்த்துவிட்டு). இல்லை. தங்கம் சாது.

பாத்திரம் பவுடர், வாங்கி வந்தேன். பத்து தடவை அழுத்தித் தேய்த்த பிறகு லேசான மூட்டம். கோடு இல்லை. இல்லவே இல்லை.

ஷோகேஸ் குப்பியில் அழகுக்கு வைத்திருக்கும் வண்டூர் கடற்கரை வெள்ளை மணல். இது நிச்சயம் கீறும் என்று பிஸ்வாஸ் தாவோடு ஒரு சமோசா பந்தயம். தேய்த்தேன். மணல் நொறுங்கி மாவானது. கண்ணாடி அப்படியே. பவளமும் சிப்பியும் பொடிந்த மணல் அது, கண்ணாடியை விட மெது. சமோசா போயிற்று.

எதிரே ஜல்லிக் குவியல் தூசு, ஒரு சிட்டிகை. ஒரே இழுப்பு. சர்ர். பல் கூசியது. லென்ஸில் பார்த்தால் உழுத வயல்.

ஆக, கடற்கரை மணல் குழந்தை, ரோட்டுத் தூசு ராட்சசன். இத்தனை வருடம் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிளேரிலிருந்து சரக்கு அனுப்புகிறவருக்குப் போன். "ஸ்ட்ராங் கிளாஸ்னு பெட்டியில போட்டிருக்கே?" என்றேன். "மேடம், ஸ்ட்ராங்னா கீழ விழுந்தா உடையாது, அவ்ளோதான். உடையாம இருக்கிறது வேற, கீறாம இருக்கிறது வேற. ரெண்டையும் ஒண்ணா எந்தக் கண்ணாடியும் தராது. கீறல் வாரன்டியில வராது, கஸ்டமர்கிட்ட சொல்லிருங்க." பெட்டியில் அதைப் போடவில்லையே என்றேன். லைன் கட். சிக்னல் போயிற்றா, அவர் போனாரா தெரியவில்லை.

வாங்குகிறவர்கள் கேட்பது ஒரே வார்த்தை. "ஸ்ட்ராங்கா?" நான் சொல்வதும் ஒரே வார்த்தை. "ஸ்ட்ராங்." அவரவர் மனதில் அவரவர் அர்த்தம்.

ஆனால் மல்லிகா வீட்டுக்குள் உட்கார்ந்து தைக்கிறவள். ரோட்டுத் தூசு அவள் விரலுக்கு எப்படிப் போனது?

பிப்ரவரி 7, சனி

காலையில் தூறல் மாதிரி வந்து ஏமாற்றியது.

ராஜு சார் வந்தார், ஸ்கூலில் கணக்கு எடுக்கிறவர். அவர் வாங்கியது மூன்று வாரம் முன்னால், வேறு மாடல், டெம்பர் ஒட்டிக் கொடுத்தேன். டெம்பர் மூலையில் உடைந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

பழையதை உரித்தேன். துடைத்தேன். லென்ஸ் கையிலேயே இருந்ததால் சும்மா பார்த்தேன்.

கோடுகள். மேல்பாதியில். மயிரிழை. எல்லாம் ஒரே பக்கம், தலை இடப்பக்கம் சாய்ந்து.

மல்லிகா போனிலும் இதே சாய்வு! அன்றைக்குப் பார்த்தேன், மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. பையில் உரசிய கீறல் என்றால் கண்டபடி போகும். எல்லாரும் நோண்டும் டெமோ போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு வருடமாகக் கவுன்டரில் கிடக்கிறது. அதில் கீறல் கொஞ்சம்தான், அதுவும் நாலு திசையிலும்.

ராஜு சாரிடம் ஒன்றும் சொல்லாமல் புது டெம்பர் ஒட்டினேன். ஒட்டியதும் கோடு மறைந்தே போயிற்று. பசை போய் நிரப்பிவிடுகிறது. அவர், "சூப்பர் மேடம், புதுசு போல" என்றார். எனக்கு முகம் சுட்டது.

வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரருடைய போன். பொங்கலுக்கு நான் கொடுத்தது, கடையிலிருந்துதான். டெம்பரை உரிக்கப் போனேன்.

"நல்லா இருக்கிறதை எதுக்கு உரிக்கிறே? உன்னைவிட எங்க ஆபீஸ் மேனேஜரே தேவலை."

உரித்தேன். அதே கோடு. அதே சாய்வு.

இவரிடம் ஒரு சுத்தமும் கிடையாது, சாப்பிட்ட கையோடு போன் பார்ப்பார். ஆனால் கோடு டெம்பருக்கு அடியில் இருக்கிறது. பெட்டி பிரித்த நிமிஷமே டெம்பரை ஒட்டியது நான். அப்படியென்றால் கீறல் அதற்கு முன்னால் விழுந்தது.

பெட்டி பிரித்ததற்குப் பிறகு, டெம்பர் ஒட்டுவதற்கு முன்னால். என் கவுன்டரில்.



பிப்ரவரி 8, ஞாயிறு

கடை லீவு. நானும் பிஸ்வாஸ் தாவும் மட்டும் ஷட்டரைப் பாதி ஏற்றி உள்ளே. வெயில் ஷட்டருக்கு அடியில் வந்து காலைச் சுட்டது.

கீறாத டிஸ்ப்ளே இரண்டு மிச்சம். என்னை நானே வேவு பார்ப்பது போல, புது போன் கொடுக்கிறபோது செய்வதை எல்லாம் வரிசையாகச் செய்தேன். பிளாஸ்டிக்கை உரி. வலது கையால் திருநீறு எடுத்து மேலே ஒரு பட்டை. கண்ணை மூடி ஒரு வினாடி. பிறகு துணியால் துடை.

துடைக்கும் கை இடது. நான் இடதுகைக்காரி. திருநீறு மட்டும் வலது கை, சின்ன வயதில் அடித்துப் பழக்கியது. மற்றதெல்லாம் இடதுதான். இடது கை துடைத்தால் துணி போகும் வளைவு இடப்பக்கம் சாயும். மல்லிகா வலதுகைக்காரி, கத்தரி பிடித்து வலது கட்டைவிரல் காய்த்திருக்கும்.

துடைக்கும்போது காதைக் கிட்டே கொண்டுபோனேன். கிரீச். கொசு அளவு சத்தம். கடை நேரத்தில் கேட்டிருக்கவே முடியாது.

லென்ஸ். கோடுகள். இடப்பக்கம் சாய்ந்து.

இன்னொரு டிஸ்ப்ளேயில் வீட்டுப் பூஜைத் தட்டில் மிச்சமிருந்த பழைய பாக்கெட் திருநீறு, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தது. அதே பட்டை, அதே துணி, அதே கை. ஒன்றும் இல்லை. வழவழ.

கடையில் அந்தப் பாக்கெட் பொங்கலுக்கு முன்னால் தீர்ந்தது. மூன்றாவது வீட்டு சண்முகம் அண்ணன், "பாக்கெட்ல இருக்கிறது பூரா சுண்ணாம்பு. என் மாட்டுச் சாணிய நானே புடம் போட்டது, இதை வை" என்று டப்பா கொடுத்தார். எனக்கு ஒரே பெருமை. அவர் மாடு இரண்டையும் கட்டுவது ரோட்டோரம், ஜல்லிக் குவியல் பக்கத்தில். சாணியைத் தரையிலிருந்துதான் வழிப்பார். டீ வடிகட்டியில் சலிப்பார். வடிகட்டி ஓட்டையில் ஜல்லித் தூசுக்கு ராஜபாட்டை.

அண்ணன்மேல் தப்பு இல்லை. நெற்றிக்கு நல்ல நீறுதான். நெற்றி கண்ணாடி இல்லையே.

பெங்காலிக்காரர்கள்கூட, "தீதி, டீகா லகா தோ" என்று திருநீறு வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிப் போவார்கள். ஜோதி கடை போன் தண்ணீரில் விழுந்தாலும் பிழைக்கும் என்று பேச்சு. பொங்கலிலிருந்து எத்தனை போன்? எண்ணினேன். பதினான்கு. பதின்மூன்றில் டெம்பர் மூடி மறைத்துவிட்டது. மல்லிகா போன் மட்டும் மூடாமல் போயிற்று.

பிஸ்வாஸ் தா லென்ஸைக் கீழே வைத்தார். இன்றைக்கு வக்கீல் என்று கிண்டல் செய்யவில்லை. "அப் க்யா கரோகி?" என்றார். இனி என்ன செய்யப் போகிறாய்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மேகம். மிளகாய் உள்ளே எடுத்தாயிற்று.

நேற்று மல்லிகா வீட்டுக்குப் போகவில்லை. இன்றும் போகவில்லை.

காரணங்கள்: டெம்பர் பெட்டி வந்தது, அடுக்க வேண்டியிருந்தது. ஆட்டோ இல்லை. தலைவலி. மூன்றும் பொய். தலைவலி மட்டும் எழுதியபிறகு நிஜமாகிவிட்டது.

இவர்: "விடு ஜோதி. யாருக்குத் தெரியும்? புது டெம்பர் ஒண்ணு இலவசமா ஒட்டிக் கொடு, கோடு மறைஞ்சிடும், கதை முடிஞ்சுது."

மறைந்துவிடும்தான். கண்ணால் பார்த்தேனே. மல்லிகா கையில் போன் திரும்பி வருமா என்று கேட்டேன். செய்தி பார்க்கத் திரும்பிவிட்டார்.

பதினாறு வருடத்தில் சம்பாதித்த பெயரைக் காப்பாற்ற அன்றைக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. பக்கத்தில் இல்லாத ஒருத்தியின் கையைக் காட்டினேன், முடிந்தது. இத்தனைக்கும் சேகர் என்னிடம் கேட்டது என் கடையைப் பற்றி.

திருநீற்றுப் பழக்கத்தை விடவில்லை. இன்று விற்ற போனுக்குப் பெட்டியின்மேல் வைத்தேன். வாங்கினவர் ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 11, புதன்

பிஸ்வாஸ் தா மனைவி மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தபோது சொன்னது: திக்லிபூர் கல்யாண வீட்டு பிளவுஸ் ஆர்டர் மல்லிகாவிடமிருந்து கைமாறிவிட்டதாம். டிசைன் அனுப்பி இரண்டு நாள் பதில் இல்லை, வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் படம் சேகர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது.



வெள்ளிக்கிழமை சேகருக்கு லீவு நாள். அவன் இருக்கும்போதுதான் போக வேண்டும். மல்லிகாவிடம் தனியாகச் சொல்லிவிட்டு வருவது இன்னொரு டெம்பர் ஒட்டுகிற வேலை.

பிப்ரவரி 13, வெள்ளி

நல்ல வெயில். கர்மாடாங் போகிற வழியில் அவர்கள் வீடு. ஆட்டோவில் போனேன். கையில்: லென்ஸ், சோதித்த இரண்டு டிஸ்ப்ளே, சண்முகம் அண்ணன் டப்பா, புது டெம்பர் ஒன்று. மருத்துவச்சி மூட்டை.

சேகர் வாசலில் மோட்டார் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தான். "அரே, அக்கா! வாங்க வாங்க." நாற்காலி போட்டான். மல்லிகா மிஷினை நிறுத்திவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள்.

உட்காராமலே சொன்னேன். அந்தக் கீறல் மல்லிகா போட்டது இல்லை, விற்ற அன்றைக்கே நான் போட்டது என்று. திருநீறு, ஜல்லித் தூசு, இடது கை, எல்லாம். லென்ஸைக் கொடுத்து இரண்டு கண்ணாடியையும் காட்டினேன். சேகர் ஆவலாகப் பார்த்தான், திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சாமி நீறு கீறுமா! க்யா பாத் ஹை!" எனக்குத் தெரிந்ததும் முதலில் இப்படித்தான் ஆச்சரியப்பட்டேன், அதனால் அவனைக் குற்றம் சொல்ல முடியவில்லை.

போனை மாற்றித் தருகிறேன் என்றேன்.

பெரிதாகச் சிரித்தான். "அட விடுங்க அக்கா. கீறல்தானே, போன் ஓடுது இல்ல? தெரியாம நடந்தது. கைன்னு இருந்தா நாலும் படும். இதுக்குப் போய் ஆட்டோ பிடிச்சு வந்தீங்களே."

எனக்கு எவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டது! அதே கீறல். பத்து நாள் அவளுக்குக் கிடைக்காதது எனக்கு நின்ற நிலையில் கிடைத்தது. கோபமாக வந்தது. அவன்மேலா என்மேலா என்று பிரிக்க முடியவில்லை.

"என்கிட்ட விடுங்கன்னு சொல்றது இருக்கட்டும் சேகர். போன் யாருது?" என்றேன்.

சிரிப்பு நின்றது. வண்டியைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். என்னிடம் நீட்டினான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்துவிட்டு அவள் பக்கம் திருப்பினான்.

மல்லிகா வாங்கினாள். முந்தானையால் துடைக்கப் போனவள் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். புது டெம்பரை எடுத்து, ஒட்டித் தரட்டுமா என்றேன். கோடு மறைந்துவிடும் என்றேன்.

"வேண்டாம் அக்கா. இருக்கட்டும், தெரியட்டும்."

பிறகு போனில் எதையோ அழுத்தி, இரண்டு கையாலும் பிடித்து, என் முகத்துக்கு நேரே உயர்த்தினாள். வீடியோ.

"இன்னொரு தடவை சொல்லுங்க. இதுல."

சொன்னேன். என் கடை, என் திருநீறு, என் கை. முழுசாகச் சொன்னேன். முடிந்தது என்று நினைத்தேன். அவள் போனை இறக்கவில்லை.

"பாத்திரம் பவுடர்னு சொன்னீங்களே அக்கா. அதையும் சேர்த்து, முதல்லேருந்து."